போர்க்காலத்திலும் போருக்குப் பின்னும் பொதுமக்களின் உரிமையைக் காப்பது: இலங்கை அனுபவத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் ஒரு அம்மா தன் பொலித்தீன் பையை என் முன்னால் மேசையில் கவிழ்த்தார். போர் நடந்த வன்னியில் கொடுத்த குடும்ப அட்டை, மகனின் ஓ.எல். பரீட்சைப் பெறுபேற்றுத் தாள், ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படம், ஐந்து இடங்களில் கொடுத்த முறைப்பாடுகளின் துண்டுகள். மகனைக் கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று கேட்டேன். "மே 18, காலமை, வட்டுவாகல் பாலத்தடியில. பஸ்ஸில ஏத்தினாங்கள்" என்று யோசிக்காமல் சொன்னார். 2009, போர் முடிந்த நாள் அது. பிறகு ஐந்து துண்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஒன்றில் மே 16 என்று இருந்தது. இன்னொன்றில் மே 20. ஒன்றில் தேதியே இல்லை. அம்மா ஒரு தடவையும் மாற்றிச் சொல்லவில்லை, எழுதினவர்கள் மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் விசாரணையில் "ஏன் மாற்றி மாற்றிச் சொல்கிறீர்கள்" என்ற கேள்வி அவரைத்தான் வந்து குத்தியது.

அந்த நாளுக்குப் பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். உரிமையைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. ஒரு சாதாரணக் குடும்பம் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும், நாளைக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும், எதை எழுதி எங்கே வைக்க வேண்டும் என்று சொல்பவை குறைவு. இங்கே இருப்பவை இலங்கைப் போரில் எங்கள் மக்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றவை. வேறு நாட்டில் போருக்குள் இருக்கும் ஒருவருக்கும் முதல் பாதி அப்படியே பொருந்தும்.

படி 1: உங்கள் பக்கம் இருக்கும் சட்டம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிலும் பொதுவாக உள்ள மூன்றாம் உறுப்புரை உள்நாட்டுப் போருக்கென்றே எழுதப்பட்டது. சண்டையில் இல்லாதவரையும், ஆயுதத்தைக் கீழே வைத்தவரையும், காயப்பட்டவரையும் மனிதராக நடத்த வேண்டும். கொலை, சித்திரவதை, பணயம் வைத்தல், நீதிமன்றம் இல்லாமல் தண்டித்தல் எதுவும் கூடாது. இது அரசாங்கத்துக்கு மட்டுமல்ல, எதிர்த்துப் போராடும் இயக்கத்துக்கும் சேர்த்துத்தான். உள்நாட்டுப் போர் பற்றிய 1977ஆம் ஆண்டின் இரண்டாம் நெறிமுறையில் இலங்கை சேரவில்லை. ஆனாலும் போராளியையும் பொதுமகனையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஆளைக் காணாமலாக்கக் கூடாது, காணாமற்போனவர் பற்றித் தெரிந்ததைக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்பவை வழக்காற்றுச் சட்டமாகவே எல்லாத் தரப்பையும் கட்டும்.

இன்னொன்று முக்கியம். ஒரு தரப்பு சட்டத்தை மீறியதால் மற்றத் தரப்புக்கு மீறும் உரிமை வந்துவிடாது. கடைசி மாதங்களில் மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்ததும், பிள்ளைகளைப் பிடித்துப் போர்முனைக்கு அனுப்பியதும் மீறல். அந்த மக்கள் நிறைந்திருந்த இடத்தில், ஆஸ்பத்திரிகளின் மேல், செல் (எறிகணை) விழுந்ததும் மீறல். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்துப் புலிகள் வீட்டை விட்டு விரட்டியதும் இதே பட்டியலில்தான் வரும். எங்கள் ஆட்கள் செய்ததை மறைத்துவிட்டு மற்றவன் செய்ததை மட்டும் எழுதினால், அந்தப் பதிவின் மற்றப் பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 2: போர் நெருங்கும்போது ஆளுக்கு ஒரு பை

உயிர்தான் முதல், காகிதம் இரண்டாவது. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்றலாம், அதற்கு முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும். வன்னியில் சனம் சேலைகளைக் கிழித்துத் தைத்து மண் நிரப்பிப் பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) மூட்டை அடுக்கியது. அதே கையால் ஒரு சின்னத் துணிப்பை தைக்க ஐந்து நிமிடம் போதும்.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பை. எல்லாருடைய அடையாள அட்டையையும் அம்மாவின் ஒரே பையில் வைப்பதுதான் எங்கள் பழக்கம். அம்மா ஒரு பக்கமும் பிள்ளைகள் இன்னொரு பக்கமும் பிரிந்துபோன குடும்பங்களில் இது பெரிய இடியாக விழுந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழின் பிரதி, குடும்பமாக எடுத்த ஒரு படம், முழுப்பெயரும் ஊரும் வெளியூரில் இருக்கும் ஓர் உறவினரின் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டு. இவற்றைப் பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றி உடம்போடு கட்டுங்கள். சின்னப் பிள்ளைகளின் சட்டை உட்பக்கத்தில் பெயரைத் தைத்துவிடுங்கள்.

காணி உறுதி இருந்தால் அதன் இலக்கத்தையும், எந்த நொத்தாரிசு எந்த வருடம் எழுதினார் என்பதையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உறுதி எரிந்தாலும் இந்த வரி இருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி தேடலாம். கைபேசி இருந்தால் எல்லாவற்றையும் படமெடுத்து வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு அனுப்புங்கள்.

"பாதுகாப்பு வலயம்" என்று அறிவித்தால் அங்கே போகலாமா என்று கேட்பார்கள். 2009 ஜனவரியில் அறிவித்த முதல் வலயத்துக்குள்ளும், பிறகு புதுமாத்தளன் பக்கம் அறிவித்த வலயத்துக்குள்ளும் செல் விழுந்தது. அறிவிப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டார்களா, சர்வதேச செஞ்சிலுவைக் குழு (ஐ.சி.ஆர்.சி.) அங்கே நிற்கிறதா, போன சனம் என்ன சொல்கிறது என்று கேட்டுத்தான் நகர வேண்டும். புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரை ஐ.சி.ஆர்.சி. கப்பலில் ஏற்றியது. அப்படி ஏறியவர்களின் பெயர் ஓரிடத்திலாவது பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு பின்னாளில் பலருக்கு உதவியது.

படி 3: ஆளைப் பிடிக்கும்போது, ஆள் சரணடையும்போது

எங்கள் அனுபவத்தில் அதிகம் இழந்தது இந்த ஒரு கணத்தில்தான். அதனால் இந்தப் படியை இரண்டு தரம் வாசியுங்கள்.

கைது செய்ய வந்தவரிடம் கேட்கக்கூடியவை: பெயர், பதவி, எந்த முகாம் அல்லது எந்தப் பொலிஸ் நிலையம், எங்கே கொண்டு போகிறீர்கள், கைதுக்கான பற்றுச்சீட்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தாலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது. சீட்டுத் தர மாட்டார்கள் என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். தராவிட்டாலும் கேளுங்கள். கேட்டோம், மறுத்தார்கள் என்பதும் ஒரு சாட்சியம்தான்.

கேட்க முடியாத நிலை என்றால் கண்ணால் எழுதுங்கள். வாகனத்தின் நிறம், இலக்கத்தில் ஞாபகம் நிற்கும் இரண்டு எண், சீருடையா சாதாரண உடுப்பா, பேசிய மொழி, ஒருவரை ஒருவர் கூப்பிட்ட பெயர், போன திசை. பக்கத்தில் நின்ற வேறு யாரையும் சேர்த்துப் பிடித்தார்களா என்பதும் வேண்டும். ஒரே பஸ்ஸில் ஏறிய பத்துப் பேரின் பத்துக் குடும்பங்களும் ஒன்றை ஒன்று கண்டுபிடித்துவிட்டால், பத்துத் தனிக்கதை ஒரே வழக்காக மாறும். முள்ளிவாய்க்காலில் சரணடைந்தவர்களோடு அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பும் போனார். அவரும் திரும்பவில்லை. ஆனால் அவர் நின்ற இடத்தைப் பல குடும்பங்கள் தனித்தனியாகக் கண்டிருந்தன. அதனால் அவரே ஓர் அடையாளமாக, நேரத்தையும் இடத்தையும் உறுதி செய்யும் ஒருவராக ஆனார்.

தேடிப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். 1996 செப்டம்பர் 7 அன்று பரீட்சை எழுதிவிட்டு வந்த மாணவி கிரிசாந்தி குமாரசுவாமியை யாழ்ப்பாணத்துச் செம்மணிச் சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் மறித்தார்கள். அவரையும், தேடிப்போன அம்மா, தம்பி, அயலவர் மூவரையும் கொன்று புதைத்தார்கள். அந்த வழக்கு நீதிமன்றம் வரை போய் 1998இல் தண்டனை கிடைத்ததற்கு ஒரு காரணம், சாவடியில் அவரை மறித்து வைத்ததைக் கண்டவர்கள் வாய் திறந்ததுதான். ஆகவே முகாமுக்கோ சாவடிக்கோ போகுமுன் ஒரு மதகுரு, ஒரு கிராம சேவகர், ஒரு சட்டத்தரணி, இவர்களில் இருவருக்காவது "இந்த நேரத்துக்கு இங்கே போகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

படி 4: அன்றே எழுதுங்கள், ஒரு தடவை சரியாக எழுதுங்கள்

முதல் 24 மணித்தியாலத்துக்குள் ஒரு கொப்பியில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். அழகு வேண்டாம்.

மேலே இன்றைய தேதி, நேரம், எழுதுபவர் பெயர். பிறகு நடந்தது. இதை எழுதும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியாக வையுங்கள்: நான் கண்டது, எனக்கு இன்னார் சொன்னது, நான் நினைப்பது. "ஆமி கொண்டுபோனது" என்று எழுதாதீர்கள். "பச்சை உடுப்புப் போட்ட ஆறு பேர், துவக்கோடு, சிங்களத்தில் பேசினார்கள், ஒரு பச்சை ட்ரக்கில் ஏற்றினார்கள். ட்ரக் பரந்தன் பக்கம் போனது. இவர்கள் ஆமி என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அரை மணித்தியாலத்துக்கு முன் இதே ட்ரக் முகாம் வாசலில் நின்றதைக் கண்டேன்" என்று எழுதுங்கள். முதல் வாக்கியத்தைக் குறுக்கு விசாரணையில் ஒரு நிமிடத்தில் உடைத்துவிடலாம். இரண்டாவதை உடைப்பது கஷ்டம்.

நேரம் சரியாகத் தெரியாவிட்டால் ஊகித்து மணி எழுதாதீர்கள். "கோயில் மணி அடித்து முடிந்த பிறகு", "கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது" என்று எழுதினாலே போதும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

ஆளைப் பற்றிய பக்கம் தனியாக இருக்கட்டும். உயரம், பழைய எலும்பு முறிவு, பல் அடைத்தது, கழற்றியது, உடைந்தது, சத்திரசிகிச்சைத் தழும்பு, போட்டிருந்த உடுப்பு, செருப்பு, மோதிரம், சாவி, இடுப்பில் கட்டிய தாயத்து. இதை எழுதும்போது எந்த அம்மாவுக்கும் கை நடுங்கும். "செத்துப்போனான் என்று எழுதச் சொல்கிறீர்களா" என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் உண்டு. உயிரோடு இருக்கும் ஆளை ஆஸ்பத்திரியில், சிறையில் அடையாளம் காணவும் இதே விவரம்தான் வேண்டும் என்று சொல்லி, அன்று முடியாவிட்டால் அடுத்த நாள் எழுதுவோம்.

எழுதி முடிந்ததும் கையெழுத்து, தேதி. அதைச் சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசியாக (சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலமாக) ஆக்கினால் இன்னும் பலம். மூலத்தை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். ஆணைக்குழு கேட்டாலும், நிறுவனம் கேட்டாலும், வெளிநாட்டிலிருந்து வந்தவர் கேட்டாலும் பிரதிதான். இனி எங்கே முறைப்பாடு கொடுத்தாலும் இந்த ஒரு தாளைப் பார்த்தே சொல்லுங்கள். அந்தக் கிளிநொச்சி அம்மாவிடம் இந்த ஒரு தாள் இருந்திருந்தால் போதும்.

படங்களும் அப்படித்தான். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களே வைத்திருந்த குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று கதை கிளம்பியது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. கதை பொய்த்தது. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். படத்துக்கு இவ்வளவு பலம் இருப்பதால்தான் எடுத்தவருக்கு அவ்வளவு ஆபத்து. எடுத்த படத்தை உடனே முகநூலில் போடாதீர்கள். மூலக் கோப்பை வெட்டாமல், நிறம் மாற்றாமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரம் முதலிய உள்விவரமும் கழன்றுவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், மூலத்தை மெமரி கார்டில் தனியாக வையுங்கள். முகத்தை மட்டும் எடுக்காமல், இடம் தெரியும்படி தூரத்திலிருந்தும் ஒரு படம் எடுங்கள்.

படி 5: முகாமில் பெயரைப் பதியுங்கள், எண்ணிக்கையைக் குறியுங்கள்

2009இல் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர் முட்கம்பிக்குள் அடைபட்டார்கள். அவற்றில் பெரிய முகாமான வவுனியா மெனிக் பாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. முகாமில் எந்தப் பதிவு நடந்தாலும் பெயரைச் சரியான எழுத்தோடு, அடையாள அட்டையில் இருப்பது மாதிரியே கொடுங்கள். கிடைத்த ஒவ்வொரு அட்டையையும் முடிந்த பிறகும் எறியாதீர்கள்.

சாதாரணப் பதிவு எவ்வளவு பெரிய சாட்சியாகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு முன்னால் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் கச்சேரி எனும் மாவட்ட அரச அலுவலகத்தின் கணக்கின்படி 4,29,059 பேர். வெளியே வந்ததாகப் பதிவானவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது? அது அத்தனையும் இறந்தவர் கணக்கு என்று அவர் சொல்லவில்லை, பதில் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல், கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது. இன்றைக்கும் இந்த எண்களைப் பற்றிய சண்டை ஓயவில்லை. ஆனால் ஆயரின் கேள்வியை யாராலும் தட்டிவிட முடியாமல் போனதற்குக் காரணம், அது அரசாங்க அலுவலகத்தின் நிவாரணப் பதிவுகளில் இருந்து வந்தது.

படி 6: எந்தக் கதவு எதற்கு

பொலிஸ். கட்டாயம் போக வேண்டும், பயன் இல்லை என்று தெரிந்தாலும். முறைப்பாட்டு இலக்கமும் பிரதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். தமிழில் பதியக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் தமிழில் "இது எனக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்டுள்ளது, வாசித்து விளக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். நான் கண்ட பல பிழைத் தேதிகளின் தாய்வீடு இந்த இடம்தான்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவும் உயர் நீதிமன்றமும். இங்கே ஒரு கெடு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அடிப்படை உரிமை மீறல் மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. பணமில்லை, கொழும்புக்குப் போக வழியில்லை என்றால் பரவாயில்லை. பிராந்திய அலுவலகத்தில் அந்த மாதத்துக்குள் ஒரு கடிதம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

ஆட்கொணர்வு மனு. பிடித்துக்கொண்டு போன ஆளை நீதிமன்றத்தில் முன்னிறுத்தச் சொல்லும் மனு இது. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம். 2009 மே மாதம் சரணடைந்தவர்களின் குடும்பங்கள் 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் போட்டார்கள். முல்லைத்தீவு நீதவான் முன்னால் விசாரணை நடந்தது. 2022 டிசம்பரில் ஒரு மனுவில், இராணுவம் ஆளை முன்னிலைப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. ஒன்பது வருடம். ஆனால் "எங்களிடம் ஆள் சரணடையவே இல்லை" என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதைக் குறைத்து மதிக்காதீர்கள்.

ஐ.சி.ஆர்.சி. தேடித் தரும், சிறைக்குப் போய்ப் பார்க்கும், கடிதம் சேர்க்கும். ஆனால் அது இரகசியம் காக்கும் அமைப்பு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வராது. இலங்கையில் 16,000க்கும் மேற்பட்டோர் பற்றிய முறைப்பாடு அதனிடம் இருக்கிறது. அதில் 5,000க்கும் அதிகமானோர் காணாமற்போன படையினர். அவர்களுக்கும் ஓர் அம்மா தெற்கில் எங்கோ படத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது, 2018இல் ஆணையாளர்கள் வந்தார்கள். தேடும் அதிகாரம் உண்டு, தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பிள்ளைகளைத் தேடி வீதியில் போராட்டம் இருக்கும் தாய்மார் பலர் இதை நம்பவில்லை, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பதிவதா விடுவதா என்பது குடும்பத்தின் முடிவு. பதிந்தால், படி 4இன் அதே தாளைக் கொண்டு போங்கள்.

ஐ.நா.வின் வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பற்றிய செயற்குழு. குடும்பம் நேரடியாகவோ ஓர் அமைப்பு மூலமாகவோ எழுதலாம், பழைய சம்பவத்தையும் எழுதலாம். மூன்று மாதத்துக்குள் நடந்ததென்றால் அவசர நடைமுறை உண்டு. குடும்பத்தின் சம்மதம் எழுத்தில் வேண்டும். இது தவிர 2021 மார்ச்சில் மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானத்தால் சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பிரிவு ஒன்று மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் அமைந்தது.

கடைசியாக, பலர் மறந்துவிடும் கதவு: தகவல் அறியும் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். "என் மகன் எங்கே" என்று கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுப்பார்கள். "இந்த இலக்க முறைப்பாட்டின் மேல் இந்தத் தேதி வரை எடுத்த நடவடிக்கை என்ன, அதன் கோவை (ஃபைல்) இப்போது எந்த உத்தியோகத்தரிடம் இருக்கிறது" என்று கேளுங்கள். அதற்கு மறுக்கக் காரணம் தேடுவது கடினம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும்.

படி 7: சான்றிதழ், பணம், கையெழுத்து

காணாமற்போனவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கும், காணி இருக்கும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தகப்பன் கையெழுத்துக் கேட்பார்கள். முன்பெல்லாம் மரணச் சான்றிதழ் ஒன்றே வழி. வெறுங்கையோடு மகனைச் செத்தவனாக எழுதித் தா என்றால் எந்தத் தாய் எழுதுவாள்? 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. இது ஆள் இறந்தார் என்று சொல்வதில்லை. இதை வைத்துக் குடும்ப அலுவல்களைப் பார்க்கலாம். மரணச் சான்றிதழ் எடுக்கும்படி உங்களை யாராவது நெருக்கினால் இந்தச் சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லுங்கள்.

இழப்பீடு தந்தால் வாங்குவதா? 2022இல் இரண்டு இலட்சம் ரூபா என்று அறிவித்தபோது, பிள்ளையின் விலை இதுவா என்று தாய்மார் மறுத்தார்கள். அதே நேரம் மூன்று பிள்ளைகளோடு கூலிக்குப் போகும் மனைவி வாங்கினால் அதைத் துரோகம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வாங்குகிறவர் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: கையெழுத்துப் போடும் தாளில், முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன், ஆள் இறந்ததை ஏற்கிறேன் என்று எந்த வரியும் இருக்கக் கூடாது. வாசிக்க முடியாத மொழியில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு போங்கள்.

படி 8: காணி

முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் 2017இல் தங்கள் காணியைப் பிடித்திருந்த படைமுகாமின் வாசலில் இரவும் பகலும் இருந்து ஒரு பகுதிக் காணியை மீட்டார்கள். அவர்களிடம் பிடிவாதத்தோடு ஒரு வரைபடமும் இருந்தது. யார் வீடு எங்கே, யார் கிணறு எங்கே, எந்த மாமரம் யாருடைய வேலி என்று அவர்களுக்குத் தெரியும். உறுதியோ பெர்மிட்டோ இல்லாதவர்கள் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நான்கு எல்லையிலும் இருந்த அயலவர்களைத் தேடிப் பிடித்து, ஒருவர் காணிக்கு மற்றவர் சாட்சியாகச் சத்தியக்கடதாசி முடியுங்கள். பழைய மின்சாரப் பட்டியல், சோலைவரி (வீட்டு வரி) பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பள்ளிப் பதிவில் உள்ள விலாசம், கலியாணப் படத்தில் பின்னால் தெரியும் வீட்டு முகப்பு, எல்லாமே உதவும்.

பத்து வருடம் வேறொருவர் எதிரிடையாக அனுபவித்தால் உரிமை போய்விடும் என்ற சட்டம் இடம்பெயர்ந்தவர்களை வதைத்தது. அதற்காக வந்த 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாட்டுச் சட்டம் வழக்குப் போட இரண்டு வருடம்தான் தந்தது. கெடு முடிந்த பிறகே பலர் கேள்விப்பட்டார்கள். ஆகவே கிராமத்தில் யாராவது ஒருவர் புதிய சட்டங்களையும் வர்த்தமானியையும் (அரசிதழையும்) பார்த்துச் சொல்லும் பொறுப்பை எடுக்க வேண்டும். படித்த இளம் ஆட்கள் இதைச் செய்தால் பெரிய உதவி.

படி 9: எலும்பு கிடைத்தால்

முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் போட வெட்டியபோது ஒரு மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 பெப்ரவரியில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது இன்னொன்று வெளிப்பட்டது. அங்கே அகழ்ந்த எலும்புக்கூடுகள் 200ஐத் தாண்டின. ஒரு சின்னப் பிள்ளையின் எலும்போடு நீல நிறப் பள்ளிப் பை ஒன்றும் கிடந்தது. இரண்டு இடத்திலும் முதலில் கண்டது கூலிக்கு வெட்டியவர்கள். ஆகவே இந்தப் படி எல்லாருக்கும்தான்.

வெட்டுவதை உடனே நிறுத்துங்கள். ஒன்றையும் தூக்காதீர்கள், கழுவாதீர்கள், மரியாதைக்காகக்கூட எடுத்து அடக்கம் செய்யாதீர்கள். எலும்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, எவ்வளவு ஆழம், எந்த உடுப்பு எதன் மேல் இருந்தது என்பதில்தான் கதை இருக்கிறது. இருந்த இடத்திலேயே படமெடுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனையை வையுங்கள். பொலிஸுக்குச் சொல்லும் அதே நேரத்தில் ஒரு சட்டத்தரணிக்கும் சொல்லுங்கள், நீதவானின் கட்டளை இல்லாமல் மேலே தோண்ட விடாதீர்கள். வெட்டி எடுத்த மண்ணை லொறியில் ஏற்றினால் எங்கே கொட்டினார்கள் என்று பாருங்கள், அதற்குள்ளும் எலும்பு இருக்கும்.

மன்னாரில் சதொச எனும் அரச விற்பனை நிலைய வளாகத்தில் 2018இல் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தபோது எல்லாரும் அண்மைக்காலப் போர் என்றுதான் நினைத்தோம். எலும்பின் காலத்தைக் கணிக்கும் காபன் பரிசோதனை 2019இல் வந்தது; அது 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்றது. சில நிபுணர்கள் அந்த முடிவைக் கேள்வி கேட்டார்கள். அதனால் அறிக்கை வருமுன் முடிவு சொல்லாதீர்கள், ஆனால் அறிக்கை எப்படி எடுக்கப்பட்டது, மாதிரி யாரிடமிருந்து யாரிடம் போனது என்று கேட்பதையும் விடாதீர்கள்.

2025 ஒகஸ்டில் செம்மணியில் கிடைத்த பொருட்களை அடையாளம் காண்பதற்காக மக்களுக்குக் காட்டினார்கள். படி 4இல் உடுப்பு, செருப்பு, தாயத்து என்று எழுதிய அந்தப் பக்கம் அப்போதுதான் வேலைக்கு வரும். முப்பது வருடம் கழித்து எந்தச் சட்டை என்று யாருக்கு நினைவிருக்கும்?

படி 10: கேட்க வருபவர்களிடம் எச்சரிக்கை

போர் முடிந்த பிறகு நிறையப் பேர் கதை கேட்க வருவார்கள். நல்லவர்கள்தான் பெரும்பாலும். ஆனால் ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்வி கேளுங்கள்: நீங்கள் யார், இதை யாருக்குக் கொடுப்பீர்கள், என் பெயர் வருமா, பிறகு நான் வேண்டாம் என்றால் அழிப்பீர்களா. பதில் தடுமாறினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம். சொல்லும்படி யாரும் வற்புறுத்தக் கூடாது, குடும்பமும் கூடாது. முதலில் மருத்துவம், பிறகு அவருக்கு விருப்பமான நேரத்தில், விருப்பமான ஒருவரிடம், ஒரே ஒரு தடவை முறையாகப் பதிவு. திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது காயத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுவது.

மிரட்டல் வந்தால் அதையும் படி 4 மாதிரியே எழுதுங்கள். யார், எப்போது, என்ன சொல். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இலும் பிறகு 2023இலும் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் சட்டத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். திருகோணமலை மாணவர் வழக்கில் சாட்சிகள் நாட்டை விட்டே போக வேண்டி வந்தது, 2019இல் சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சாட்சி இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சியின் வாய்மொழி பயத்தில் நின்றுபோனாலும் அன்று எழுதிய தாள் பேச வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

படி 11: கோவையை அடுத்தவர் கையில் கொடுப்பது

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் உட்கார்ந்தார்கள். அந்தப் பந்தலில் இருந்த பலர் இப்போது உயிரோடு இல்லை. ஒவ்வொரு சாவோடும் ஒரு சாட்சியும், மரபணுப் பரிசோதனைக்கு மிகவும் வேண்டிய தாய் தகப்பனின் இரத்தமும் போகிறது.

ஆகவே பெற்றோர் இருக்கும்போதே செய்ய வேண்டியவை. அவர்கள் சொல்வதை அவர்கள் குரலில், தேதி சொல்லி, பதிவு செய்யுங்கள். மரபணு மாதிரியை முறையாக எடுத்து வைப்பது பற்றி உங்கள் சட்டத்தரணியிடமும், நம்பிக்கையான சட்ட மருத்துவர் ஒருவரிடமும் பேசுங்கள். கோவையின் முதல் பக்கத்தில் எல்லா முறைப்பாடுகளின் இலக்கம், தேதி, இடம் ஒரு பட்டியலாக இருக்கட்டும். மூன்று பிரதி: ஒன்று வீட்டில், ஒன்று சட்டத்தரணியிடமோ மதகுருவிடமோ, ஒன்று நாட்டுக்கு வெளியே.

அந்தக் கிளிநொச்சி அம்மாவின் ஐந்து துண்டுகளையும் ஒரு கோவையில் போட்டு, தேதிகள் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கி ஒரு சத்தியக்கடதாசி முடித்தோம். முதல் பக்கத்தில் கீழே ஓர் இடம் விட்டிருந்தேன். "எனக்குப் பிறகு இதைப் பார்ப்பவர்" என்று எழுதி, பக்கத்தில் பேத்தியின் பெயரை அவரே தன் கையால் எழுதினார். பேத்திக்கு அப்போது பதினாறு வயது. பேனையை வாங்கி, தன் பெயரில் அம்மம்மா விட்ட ஒரு புள்ளியை வைத்துக் கொடுத்தாள்.